கீழ்வீடு: 11. பச்சை வயர்

போன வாரம் குளியலறைக் குழாய் சின்னுவின் விரலைச் சுருக்கென்று கடித்தது. அந்த இடத்தில் பேனாவை மூடியதற்காக மூன்று வாசகிகள் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் மட்டும், 'அந்தப் புருஷன் எதையோ மறைக்கிறான், கவனியுங்கள்' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். அம்மா, உங்கள் மூக்கு பொல்லாத மூக்கு. இந்த வாரம் உங்களுக்கு உண்மை தெரிந்துவிடும்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. சின்னு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் வீட்டுச் சாமான் கடையொன்றில் புகார் கவுன்ட்டரில் உட்காருகிறவர். புகைந்துபோன இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொதித்து வருகிறவர்கள், அவரிடம் பத்து நிமிஷம் பேசினால் ஆறிப்போய்த் திரும்புவார்கள். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் சமாதானம். வாயைத் திறந்தால் "பார்த்துக்கலாம்". கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் முகத்தை முறித்துப் பேசிச் சின்னு பார்த்ததில்லை. அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து நாளைக்கு முன் அவர்கள் வாங்கிக் குடிவந்த கீழ்வீடு, சின்னுவின் சொந்த அண்ணனுடையது. அண்ணன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மாடியைத் தனக்கு வைத்துக்கொண்டு கீழ்ப்பகுதியைத் தங்கைக்கு விற்றார். அந்த வீட்டு வயரிங் முழுக்க மாஸ்டரின் கைவேலை. ஆள் வைக்கவில்லை, சுவரில் உளி பட விடவில்லை. திரைச்சீலைக் கம்பிக்குள்ளும் அலமாரிக்குப் பின்னாலும் வயரை ஓட்டி, ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் முத்து முத்தான எழுத்தில் 'விளக்கு', 'விசிறி' என்று எழுதி, ஓரத்தில் ஒரு பூவும் வரைந்து வைத்திருந்தார். வீடு பார்க்க வந்த அன்றைக்குச் சின்னு அந்தப் பூக்களைப் பார்த்துத்தான் மயங்கினாள்.

மயங்கினாலும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாள். வெளி ஆள் ஒருவர், தொழில் தெரிந்த வயர்மேன், ஒரு தடவை முழுக்கப் பார்த்துச் சொல்லட்டும், பிறகு கையெழுத்துப் போடலாம் என்றாள். சமாதானம் கூட்டிவந்து காட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வயர்மேன் சொன்னதாக வந்து சொன்னார். கையெழுத்தானது. வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். அங்கே அடுத்த வாரமே வேறு குடும்பம் வந்துவிட்டது.

இனி அன்றைய காலை.

மணி பத்தரை தாண்டியிருந்தது. சின்னுவுக்கு மதிய ஷிஃப்ட். சமாதானத்தின் கடை திறக்கப் பதினொன்றாகும். மாஸ்டர் பரீட்சை வேலையாக ஏழரைக்கே போய்விட்டார். அண்ணி மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தாள். மாடி பூட்டிக் கிடந்தது.

சின்னு குளித்து, உடை மாற்றி, தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

முழங்கை வரைக்கும் யாரோ பிடித்து உலுக்கி எறிந்த மாதிரி இருந்தது. பின்னால் போய் வாளியில் இடித்து, சுவரில் சாய்ந்து நின்றாள். கத்த நினைத்தாள். குரல் வர ஒரு நிமிஷம் பிடித்தது.

"என்னங்க."

"என்ன சின்னு, சோப்பா?"

"கதவைத் தொடாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவர் தொட்டுவிட்டார். வெளியே ஏதோ விழுகிற சத்தம், பிறகு அவருடைய மூச்சு.

"ஐயோ, கதவுல கரண்ட் வருது சின்னு."

"அதைத்தான் சொன்னேன். அடி பட்டுச்சா?"

"இல்ல. கை மரத்துப் போச்சு. நீ?"

"நின்னுட்டிருக்கேன். போய் மெயினை இறக்குங்க."

குளியலறைக்கு இரும்பு நிலை, தகரக் கதவு, இரும்புத் தாழ்ப்பாள். தலைக்கு மேலே ஒரு சின்னக் காற்றுச் சன்னல், பூனை நுழையலாம். தரை முழுக்க ஈரம். கதவுப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தாள், பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி நமநமத்தது. காலை இழுத்துக்கொண்டு, துணி வைக்கிற பிளாஸ்டிக் முக்காலியைக் காலிசெய்து அதன்மேல் ஏறினாள். ஒரு சாண் அகலம். இரண்டு காலையும் ஒட்டி வைத்தால்தான் நிற்க முடிந்தது.

வாசல் பக்கத்தில் மெயின் சுவிட்ச் 'டக்' என்று விழுந்தது. ஹாலில் விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் முனகி அடங்கியது.

"இறக்கிட்டேன். இப்ப திற சின்னு."

அவள் கை நீட்டவில்லை. "டெஸ்டர் வெச்சுப் பாருங்க முதல்ல."

சமாதானம் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, டெஸ்டரின் நுனியை நிலையில் வைத்தார். பிடிக்குள் இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் எரிந்தது. வீட்டில் எங்குமே கரண்ட் இல்லை, அவர் மனைவி அடைபட்டிருந்த கதவைத் தவிர.

"என்னங்க, எரியுதா?"

புகார் கவுன்ட்டரில் பதினான்கு வருஷம் உட்கார்ந்த மனுஷர். இந்தக் கேள்விக்கு இதமாக ஒரு பதில் தேடினார், கிடைக்கவில்லை.

"எரியுது."

பிறகு உள்ளிருந்து சின்னுவின் குரல் நிதானமாக வந்தது. ஆய்வுக்கூடத்தில் கைதவறி ரத்தக் குழாய் உடைந்தால் அவள் பேசுகிற குரல் அது.

"கீழ மெயினை இறக்கியும் வருதுன்னா மேல இருந்துதான் வரணும். மாடி மெயினை இறக்குங்க."

சமாதானம் இரண்டு இரண்டு படியாக ஏறினார். மாடியின் மெயின் சுவிட்ச் முதலில் வெளியேதான் இருந்தது. வீட்டு முகப்புக்கு அசிங்கம் என்று மாஸ்டர் அதை உள்ளே மாற்றி, அதன்மேல் தன் கையால் வரைந்த மலைக்காட்சி ஒன்றை மாட்டியிருந்தார். வாசலில் இரும்புக் கம்பிக் கதவு, அதில் ஒரு பூட்டு. சமாதானம் பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லை எடுத்து அடி அடியென்று அடித்தார். கல்தான் உடைந்தது. அந்த வீட்டில் மாஸ்டர் தானே செய்யாமல் கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கிய ஒரே சாமான் அந்தப் பூட்டு.

கீழே வந்தார். "பூட்டை உடைக்க முடியல."

"சரி. நம்ம வயர்மேனுக்குப் போன் போடுங்க."

"எந்த வயர்மேன்?"

"வாங்குறதுக்கு முன்னாடி வந்து பார்த்தாரே, அவருதான். ரெண்டு மணி நேரம் எல்லா போர்டையும் கழட்டிப் பார்த்தாருன்னு சொன்னீங்கள்ல. எந்த லைன் எங்க போகுதுன்னு அவருக்குத் தெரியும்."

வெளியே அவர் டெஸ்டரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நம்பர் இல்லையா?"

"சின்னு..."

"நம்பர் இல்லன்னா கடையில கேளுங்க, யாருக்காவது தெரியும். பெரிய மீசை வெச்ச ஆளுன்னு சொன்னீங்களே."

"மீசையும் நான் சொன்னதுதான்."

முக்காலியின் மேல் நின்றவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் மனசு ஒரு நொடி அந்த மீசையையே பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. வயர்மேன் டீயில் சர்க்கரை குறைவாகக் கேட்டாராம். மாஸ்டரின் வேலையைப் பார்த்து, 'இவரு எங்க தொழிலுக்கு வந்திருக்கணும்' என்றாராம். அதைக் கேட்டுச் சின்னு அண்ணனை நினைத்துப் பூரித்துப் போனாள்.

"யாரும் வரவே இல்லையா?"

"உங்க அண்ணன்கிட்ட கேட்டேன் சின்னு. ஒரு ஆளைக் கூட்டிட்டு வரட்டுமா மச்சான்னு மெதுவாத்தான் கேட்டேன். அவர் முகம் விழுந்துடுச்சு. பத்து வருஷம் நான் குடியிருந்த வீடு மாப்பிள்ளை, என் தங்கச்சிக்கா கெட்டதைக் கொடுப்பேன்னார். அதுக்கு மேல எப்படிக் கூட்டிட்டு வர்றது. நானே டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு பிளக்கா வெச்சுப் பார்த்தேன். எல்லாத்துலயும் விளக்கு எரிஞ்சுது. சரியா இருக்குன்னு நெனச்சேன்."

"எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு அர்த்தம். சரியா இருக்குன்னு அர்த்தமா?"

"அப்ப தெரியல."

"அவர் முகம் வாடக் கூடாதுன்னு என்கிட்ட பொய் சொன்னீங்க."

யார் மனமும் கோணாமல் நடக்கிற மனுஷன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அந்தக் குணம்தான் இப்போது அவளைச் சாண் அகல முக்காலியில் ஏற்றி நிறுத்தியிருந்தது.

அழுகை வந்தது. அழுதால் தடுமாறிவிடுவோம் என்ற பயத்தில் அடக்கிக்கொண்டாள். கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்திருந்தது.

சமாதானம் கரண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டார். மூன்றாவது தடவை ஒருவர் எடுத்தார். கதவில் கரண்ட் வருகிறது, மனைவி உள்ளே இருக்கிறாள், கம்பத்தில் இணைப்பைத் துண்டிக்க உடனே ஆள் வேண்டும் என்றார்.

"பதறாதீங்க சார். லைன்மேன் வேற புகாருக்குப் போயிருக்காரு. வந்ததும் அனுப்புறேன். பார்த்துக்கலாம்."

சமாதானம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். தான் இத்தனை வருஷமாக எதிரில் நின்றவர்களுக்குக் கொடுத்தது இதைத்தானா என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"எப்ப வர்றாங்களாம்?"

"தெரியலையாம்." முதல் தடவையாக அவர் 'இதோ வந்துடுவாங்க' என்று சொல்லவில்லை.

"அண்ணனைக் கூப்பிடுங்க."

"போன் அணைச்சிருக்கு. பரீட்சை ஹாலுக்குள்ள கொண்டு போக விட மாட்டாங்க."

"ஸ்கூல் ஆபீஸுக்குப் போடுங்க. ஏன் தயங்குறீங்க?"

"சின்னு, இன்னொண்ணு இருக்கு."

உள்ளே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லுங்க."

"குழாய்ல ஷாக் அடிக்குதுன்னு நீ சொன்னல்ல. நேத்து சாயங்காலம் ஒரு வயர்மேன்கிட்ட போன்ல பேசினேன். நிஜமான ஆளு, கடைக்கு வர்றவர். எர்த் சரியா இருக்காது, பச்சை வயர் எங்கயாவது விட்டுப்போயிருக்கும், நாளைக்கு வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்கன்னார். அவர் வந்தா உங்க அண்ணன் பார்த்துடுவாரேன்னு... நானே பண்ணிடலாம்னு பார்த்தேன். இந்தக் கதவுக்கு மேல ஒரு பச்சை வயர் டேப் சுத்தித் தொங்கிட்டிருந்துச்சு. அதான் எர்த்னு மெயினை இறக்கிட்டு, டெஸ்டர் வெச்சுப் பார்த்துட்டு, நிலையில ஒரு ஸ்க்ரூ போட்டு மாட்டிட்டேன். அப்ப எரியவே இல்ல சின்னு. சத்தியமா எரியல."

"அப்ப இந்தக் கதவுக்குக் கரண்ட் கொடுத்ததே நீங்கதான்."

"ஆமா."

பிறகு அவள் அவரை 'என்னங்க' என்று கூப்பிடவில்லை. "ஸ்கூலுக்குப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு அம்மாள் எடுத்தார். மாஸ்டர் ஹாலில் இருக்கிறார், பரீட்சை முடியப் பன்னிரண்டரையாகும், சேதி இருந்தால் சொல்லுங்கள், எழுதி வைக்கிறேன் என்றார். சமாதானம் வழக்கம்போல ஆரம்பித்தார். தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம், ஒரு சின்ன அவசரம், முடிந்தால் கொஞ்சம்... அந்த அம்மாளும் அதே பதத்தில், விதிமுறை அப்படி சார், நான் என்ன செய்ய முடியும் என்றார்.

உள்ளே முக்காலி கிரீச்சிட்டது. சமாதானத்துக்கு என்ன ஆனதோ தெரியாது.

"மேடம், என் பொண்டாட்டி கரண்ட் பாயுற கதவுக்குப் பின்னாடி ஈரத்துல நிக்கிறா. எழுதி வைக்க வேணாம். எழுந்து போய் அவரைக் கூப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன். நீங்க போகலன்னா நான் அங்க வந்து உங்க பேரைச் சொல்லிக் கத்துவேன்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போன வாரம் இதே மனுஷன் தண்ணீர் கேன்காரரிடம் சில்லறை பாக்கி கேட்கக் கூச்சப்பட்டார் என்றால் நம்புவீர்களா. சின்னு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தக் குரலை இரண்டு மாசம் முன்னால் அண்ணனிடம் காட்டியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

நான்கு நிமிஷம் கழித்து மாஸ்டரின் குரல் வந்தது. சமாதானம் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதவுக்கு அருகில் தரையில் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஹால்ல இருந்து இழுத்துட்டு வர்றாங்க."

விஷயத்தைச் சொன்னார்.

"என் வேலைல அப்படி வராதே."

"வந்திருக்கு அண்ணா" என்றாள் சின்னு உள்ளிருந்து.

மாஸ்டரின் தொனி மாறியது. "சின்னு, நீ உள்ளயா இருக்க? கதவுக்கு எப்படிம்மா வரும். கதவுல நான் எதையும் மாட்டவே இல்லையே."

"மேல தொங்கின பச்சை வயரை எர்த்னு நெனச்சு நிலையில மாட்டிட்டேன் மச்சான்."

"பச்சையா? பச்சையை ஏன் தொட்டீங்க? அது மோட்டாருது."

"என்ன மோட்டார்?"

"தண்ணி மோட்டார். பத்தரைக்குத் தானா ஓடுற மாதிரி மேல டைமர் வெச்சிருக்கேன். மோட்டார் ஓடுறது கீழ இருக்கிறவங்களுக்கும் தெரியட்டும்னு பாத்ரூம் மேல ஒரு சின்ன விளக்கு போடலாம்னு அங்க இருந்து ஒரு வயர் இறக்கினேன். விளக்கு வாங்கல, டேப் சுத்தி விட்டுட்டேன். மோட்டார் ஓடும்போது மட்டும்தான் அதுல கரண்ட் வரும்."

நேற்றுச் சாயங்காலம் டெஸ்டர் ஏன் எரியவில்லை என்பது சமாதானத்துக்கு இப்போது விளங்கியது.

"பச்சைன்னா எர்த்துதானே மச்சான். எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க."

"அந்தப் பாத்ரூம் டைல்ஸ் இளம்பச்சை மாப்பிள்ளை. அங்க சிவப்பு வயர் தொங்கினா கண்ணை உறுத்தும். பச்சை போட்டா சுவரோட சேர்ந்துடும்னு..."

தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டதும் மாஸ்டர் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணா," என்றாள் சின்னு. அவள் குரல் உயரவில்லை. "நான் ரத்தம் எடுத்து ஊத்துற குழாய்க்கு ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடின்னு இருக்கு. எனக்கு ஊதா பிடிக்கும். அதுக்காக எல்லாத்தையும் ஊதா மூடியில ஊத்தினா யாரோ ஒருத்தருக்குத் தப்பான மருந்து போகும். கலரு அழகுக்கு இல்லண்ணா. அடுத்தவன் கை வைக்கிறப்ப அவனுக்குத் தெரியறதுக்கு."

"வர்றேம்மா. அரை மணி நேரம் கழிச்சு டைமர் தானா நின்னுடும், ஆனா அது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அதை நம்பாதே. நானே வர்றேன்."

போன் அடங்கியது. பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரத்தைச் சின்னு எப்படிக் கழித்தாள் என்று கேட்காதீர்கள். ஒரு கால் மரத்துப்போக, மறு காலுக்குப் பாரத்தை மாற்றினாள். மாற்றும்போதெல்லாம் முக்காலி வழுக்கியது. சுவரைப் பிடிக்கலாமா, சுவரிலும் ஏதாவது ஓடுகிறதா தெரியவில்லை. பிடிக்கவில்லை. துண்டு அவிழ்ந்து ஈரத் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

வேறு யாருடைய வீடாக இருந்தாலும் சண்டை போடலாம், திருப்பிக் கொடு என்று கேட்கலாம். சொந்த அண்ணனிடம் எதைக் கேட்பது. ஆசைப்பட்டுக் கொடுத்தார், ஆசைப்பட்டு வாங்கினாள். விட்டுப் போகப் பழைய வாடகை வீடும் இல்லை. இன்னொருவர் தலையில் இதைக் கட்டிவிட்டுப் போக மனசு வருமா. இந்தக் கதவு திறந்தாலும் தான் உள்ளேதான் இருக்கப் போகிறோம் என்று அவளுக்குப் பட்டது. அதை நினைத்தபோதுதான் கண்ணீர் வந்தது.

"சின்னு, பேசிட்டே இரு" என்றார் வெளியே தரையில் உட்கார்ந்திருந்த சமாதானம்.

"என்ன பேச?"

"என்னைத் திட்டு."

"திட்டினா உங்களுக்கு லேசாயிடும். மாட்டேன்."

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். கம்பிக் கதவு திறந்தது. தலைக்கு மேலே நடந்து போகிற காலடி. பிறகு எங்கோ 'டக்'. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் சமாதானத்தின் காதுக்குத் தெரிந்தது.

மாஸ்டர் மூச்சிரைக்கக் கீழே வந்தார். சட்டைப் பையில் இன்னும் சிவப்புப் பேனா செருகியிருந்தது.

"மோட்டாரையும் நிறுத்திட்டேன், மெயினையும் இறக்கிட்டேன். இனி ஒண்ணும் இல்ல. திறம்மா சின்னு."

தாழ்ப்பாள் அசையவில்லை.

"டெஸ்டர் வெச்சுட்டேன் சின்னு, எரியல" என்றார் சமாதானம்.

"நேத்தும் எரியலன்னுதானே சொன்னீங்க."

அவர் டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, நீ கை வை."

"என்னம்மா?"

"செருப்பைக் கழட்டிட்டு, வெறும் காலோட, நிலையில கையை வை. நீ வெச்சா நான் திறக்கிறேன்."

"நானே போட்ட லைன்மா அது. நானே இறக்கிட்டு வந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல. அப்ப வை."

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். குளியலறை வாசலில் தண்ணீர் கசிந்து ஈரமாயிருந்தது, அதில் கால் வைத்தார். கையைத் தூக்கினார். நிலைக்கு நான்கு விரல் தூரத்தில் அந்தக் கை நின்றது.

பத்து வருஷமாக வந்தவர் போனவரிடமெல்லாம் 'எல்லாம் நான் போட்டது' என்று போர்டு போர்டாகத் தட்டிக் காட்டிய கை. சமாதானம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாஸ்டரின் உதடு எதையோ கணக்குப் போடுகிற மாதிரி அசைந்தது. இரண்டு மெயினும் இறக்கியாயிற்று. இருந்தாலும் வேறு எங்கிருந்தாவது, வேறு ஏதாவது... அவர் கை முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

"வெச்சியா அண்ணா?"

மாஸ்டர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

சமாதானம் தன் செருப்பை உதறினார். மச்சானை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு ஈரத்தில் இறங்கி, உள்ளங்கையை அகல விரித்து நிலையின் மேல் வைத்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து, இன்னொரு கையையும் வைத்தார்.

"நான் வெச்சிருக்கேன் சின்னு. ரெண்டு கையும் வெச்சிருக்கேன். எடுக்க மாட்டேன். நீ திற."

"அண்ணன் வைக்கலையா?"

இந்த இடத்தில் பழைய சமாதானமாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இல்ல" என்றார். "அவரால முடியல."

தாழ்ப்பாள் நகர்ந்தது. சின்னு வெளியே வந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. கணவர் அவளைத் தாங்கக் கை நீட்டினார். அவள் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

மாஸ்டர் தலை குனிந்திருந்தார். "மன்னிச்சுடும்மா. அந்த ஒரு வயரு..."

"ஒரு வயரா? இந்த மாதிரி கண்ணுக்கு அழகா இருக்கும்னு இன்னும் எத்தனை இடத்துல கலரை மாத்திப் போட்டிருக்க?"

மாஸ்டர் யோசித்தார். விரல் விட்டு எண்ணினார். "சமையல் ரூம்ல ஒண்ணு... ஹால்ல, அந்த மஞ்சள் சுவர் பக்கம்... படுக்கை ரூம்ல திரைக் கம்பிக்குள்ள போறது சிவப்பா, நீலமா..." நான்காவது விரலில் நின்றுவிட்டார்.

"படம் போட்டு வெச்சிருப்பியே. எது எங்க போகுதுன்னு. காக்கா உட்கார்ந்தாக்கூட வரையிற ஆளு நீ."

"இதுக்குப் போடலம்மா. நான்தானே போட்டேன், எனக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

"இப்ப தெரியுதா?"

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பூப்போட்ட சுவிட்ச் போர்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. சமாதானம் வழக்கம் போல இருவருக்கும் நடுவில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் மூடிக்கொண்டார்.

"மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம் அண்ணா. ராத்திரி நாங்க இங்கதான் படுக்கணும், போறதுக்கு வேற இடம் இல்ல. இந்த வீட்டுல எந்தச் சுவத்துல பயப்படாம சாயலாம், அதை மட்டும் சொல்லு."

டிராயிங் மாஸ்டர் வெகுநேரம் யோசித்தார். பிறகு தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை விட்டு இரண்டடி தள்ளி, ஹாலின் நடுவில் வந்து நின்றார்.